காரைக்குடியில் ஒரு வீட்டு பிளான் வகுப்பு: டேப் பிடிப்பதில் முழு மதிப்பெண், செக்‌ஷனில் பாதி

காரைக்குடி செக்காலை ரோடு பக்கம் ஒரு மாடியில், சனி ஞாயிறு மட்டும் நடக்கிற வீட்டு பிளான் வரையும் வகுப்பு இது. 12 வாரம், நாளுக்கு 3 மணி நேரம், மொத்தம் 72 மணி நேரம். கட்டணம் 14,000 ரூபாய். மினி டிராஃப்டர், ஸ்கேல், ஏ2 தாள், பென்சில் எல்லாம் அடங்கிய பைக்குத் தனியாக 1,800. 10ஆம் வகுப்பு முடித்திருந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள். டிப்ளமோ சிவில் மாணவர்கள், காண்ட்ராக்டர் வீட்டுப் பிள்ளைகள், சொந்த வீட்டுக்குத் தாங்களே பிளான் போட்டுப் பார்க்க நினைக்கும் ஓய்வுபெற்றவர்கள் என்று கலவையான கூட்டம். குறைகளையும் எழுதுவதால் நிலையத்தின் பெயர் இங்கே இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அளவெடுப்பதையும் பிளான் வரைவதையும் பொறுப்பாகச் சொல்லித் தருகிறார்கள். கொடுக்கிற காசு அதற்கே தகும். ஆனால் செக்‌ஷனுக்கு ஒதுக்கியிருப்பது இரண்டே வகுப்பு. வீட்டை மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டி, பக்கவாட்டில் பார்க்கும் வரைபடம்தான் செக்‌ஷன். ஒரு வீட்டில் தலை எங்கே இடிக்கும், மழை எங்கே விழும், கதவு எங்கே குட்டையாகும் என்பதெல்லாம் செக்‌ஷனில்தான் தெரியும். அதனால் இதைச் சின்னக் குறையாக விட முடியாது.

முதல் மூன்று வாரம் கம்ப்யூட்டர் பக்கமே விடுவதில்லை. ஏ2 தாளில், 1:50 ஸ்கேலில், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காக, கையால் வரைய வேண்டும். துணைக்கோடுகளுக்கு 2எச், வெட்டுப்படும் சுவருக்கு எச்பி, எழுத்துக்கு எச். பல பேர் இதைக் காலவிரயம் என்கிறார்கள். அப்படி இல்லை. பிளான் என்பது தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பது. வெட்டுப்பட்ட சுவர் தடித்த கோடு. வெட்டுக்குக் கீழே தெரியும் சமையல் மேடை, படி, திண்ணை எல்லாம் மெல்லிய கோடு. வெட்டுக்கு மேலே இருக்கும் சன்ஷேட், லாஃப்ட், பீம் புள்ளிக்கோடு. பென்சிலை மாற்றி மாற்றி எடுக்கும்போது இந்த மூன்று வித்தியாசமும் கையில் ஊறிவிடுகிறது. நேரே கம்ப்யூட்டரில் தொடங்குகிறவர்கள் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் போட்டுவிட்டு, தளத்தில் மேஸ்திரி லாஃப்டைச் சுவர் என்று நினைத்த பிறகுதான் விழிக்கிறார்கள்.

பயிற்றுநர் திருத்தும் விதம் நன்றாக இருக்கிறது. சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறார், காரணம் எழுதுவதில்லை. கண்டுபிடித்து வந்து சொல்ல வேண்டும். முதல் ஷீட்டில் அநேகமாக எல்லாருக்கும் விழும் வட்டம் கதவில்தான். அறையின் மூலையோடு ஒட்டியே கதவை வரைந்திருப்பார்கள். மூலையிலிருந்து குறைந்தது 4½ இன்ச் சுவர் விட்டால்தான் நிலை நிற்கும், பூச்சு ஏறும், கதவு முழுதாக மடங்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் அலமாரி வரப்போகிறது என்றால் 4½ போதாது. அலமாரியின் ஆழம் 2 அடி, ஆகவே அந்த மூலையில் 2 அடிக்கு மேல் விட வேண்டும். தலைவாசல் 3½ அடி, அறைக் கதவு 3 அடி, கழிவறைக் கதவு 2½ அடி, உயரம் எல்லாவற்றுக்கும் 7 அடி என்பதை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், வகுப்பறையின் கதவையும் மாடிப்படிக் கதவையும் அளக்க வைக்கிறார்கள். அது மறப்பதில்லை.

நான்காவது வார ஞாயிறு வெளியே போகிறார்கள். பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் அனுமதி தரும் ஒரு பழைய வீட்டை முழுசாக அளப்பது. இந்த வகுப்பின் சிறந்த நாள் இதுதான். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டுக்கட்டாகப் போகும் வீட்டில் ஒவ்வொரு அறையாக அளந்து ஒட்டினால் கடைசியில் கட்டாயம் பொருந்தாது. ஒவ்வொரு அளவிலும் கால் இன்ச் தப்பினால் இருபது அளவில் 5 இன்ச் வரை போய்விடலாம். அதற்கு இவர்கள் சொல்லித் தரும் வழி நம் ஊர் வீட்டின் அமைப்பிலிருந்தே வருகிறது. தலைவாசலில் நின்றால் பின்வாசல் நேராகத் தெரிகிற வீடு இது. அந்த நேர்கோட்டில் கொத்தனார் நூலை இழுத்துக் கட்டிவிட்டு, டேப்பின் பூஜ்யத்தைத் தலைவாசல் நிலையில் வைத்து, நிலை, தூண், சுவர் ஒவ்வொன்றும் எத்தனையாவது அடியில் வருகிறது என்று தொடர்ந்து படிக்கிறார்கள். பிறகு நூலிலிருந்து இடமும் வலமும் அளவு. எல்லா அளவுக்கும் ஆரம்பம் ஒன்றே என்பதால் தப்பு சேர்ந்துகொண்டே போவதில்லை.

சுவரின் தடிமனை அறைக்குள் நின்று அளக்க முடியாது. வாசலிலோ ஜன்னலிலோ இரண்டு முகத்திலும் மட்டப்பலகையை ஒட்டி வைத்து நடுவே அளக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் கீழே ஒரு தடிமன், மேலே ஒரு தடிமன் இருக்கலாம். ஆகவே ஒரு வாசலோடு நிறுத்தக் கூடாது. வளவுத் தூண்களை மையத்துக்கு மையம் எடுக்க வேண்டும். முற்றம் வளவைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்ப்பது. டியூபில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். லேசர் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கருவி தன் அடிப்பக்கத்திலிருந்து அளக்கிறதா, முன்பக்கத்திலிருந்தா என்பதைத் திரையில் பார்த்துவிட்டு அமுக்க வேண்டும். பார்க்காவிட்டால் கருவியின் நீளம் அப்படியே பிழையாக வரும்.

அறை சதுரமாக இருக்கிறதா என்பதற்கு மூலைவிட்டம் இரண்டையும் எடுக்க வைக்கிறார்கள். 10க்கு 12 அறையில் மூலைவிட்டம் 15 அடி 7½ இன்ச்சை ஒட்டி வர வேண்டும். ஒன்று அப்படியும் இன்னொன்று 15 அடி 10 இன்ச்சும் வந்தால் அறை கோணல். கோணலை கோணலாகவே வரைய வேண்டும், நேராக்கிக் காட்டக் கூடாது. 30க்கு 40 மனைக்கு இது இன்னும் சுலபம், 50 அடி வந்தால் சரி. ஆத்தங்குடிக் கல் பதித்த அறைகளில் கல்லை எண்ணிச் சரிபார்க்கிற பழக்கத்தையும் சொல்லித் தருகிறார்கள். வீட்டுக்கு வீடு கல்லின் அளவு மாறும் என்பதால் முதலில் பத்துக் கல்லைச் சேர்த்து அளந்து, அதில் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து மனையடி, அதாவது அறைக்கு இன்ன அடி நல்லது என்று சொல்லும் சாஸ்திரம். இந்தப் பக்கத்தில் பிளான் போடுகிற யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது. வீட்டுக்காரர் 8, 10, 11, 16 என்று உள்ளளவு கேட்பார். நம்பிக்கையைப் பற்றி வகுப்பில் வாதம் இல்லை, அளவை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் பாடம். உள்பூச்சு பக்கத்துக்கு ½ இன்ச். பூசி முடித்த பிறகு 10 அடி நிற்க வேண்டுமானால் செங்கலுக்குச் செங்கல் 10 அடி 1 இன்ச் வரைய வேண்டும். பிளானில் வெறும் 10 அடி என்று போட்டால், கட்டும்போது மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வியே, "சார், இது கல்லுக்குக் கல்லா, பூச்சுக்குப் பூச்சா?" என்பதுதான். கேட்காத மேஸ்திரியாக இருந்தால் அறை 9 அடி 11 இன்ச்சில் நிற்கும். அதனால் மேஸ்திரிக்குப் போகும் ஷீட்டில் செங்கல் அளவு மட்டும், வீட்டுக்காரருக்குக் காட்டும் ஷீட்டில் முடிந்த அளவு மட்டும் என்று பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். நல்ல பழக்கம். கழிவறையில் பூச்சோடு டைல்ஸும் சேர்ந்து பக்கத்துக்கு 1¼ இன்ச் போகிறது. 4 அடி அகலம் என்று வரைந்த கழிவறை 3 அடி 9½ இன்ச்சாகத்தான் கையில் கிடைக்கும்.

அளவுக்கோட்டைக் கூட்டிப் பார்ப்பதையும் விடாமல் செய்ய வைக்கிறார்கள். 9 இன்ச் சுவர், 10 அடி 1 இன்ச் அறை, 9 இன்ச் சுவர், 11 அடி 1 இன்ச் அறை, 9 இன்ச் சுவர். மொத்தம் 23 அடி 5 இன்ச். வெளிப்பக்கத்தில் போட்ட மொத்த அளவு இதோடு ஒத்துவராவிட்டால் ஷீட் திரும்பி வந்துவிடும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஆட்டோகேட், கம்ப்யூட்டரில் வரையும் மென்பொருள். 20 பேருக்கு 12 கம்ப்யூட்டர் என்பதால் 8 பேர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சொந்த லேப்டாப் இருந்தால் கொண்டுபோவது நல்லது. பாடம் ஒழுங்காகப் போகிறது: சுவருக்கு 9 இன்ச் தள்ளி இணைகோடு போட ஆஃப்செட் 9, மூலை சேர்க்க ஃபில்லெட் ரேடியஸ் 0, திரும்பத் திரும்ப வரும் கதவு ஜன்னல் படங்களை பிளாக்குகளாக 0 லேயரில் செய்து வைப்பது, சுவரை நிரப்பும் ஹேட்ச் பரவிப் போனால் சுவர்க்கோட்டில் எங்கே இடைவெளி என்று தேடுவது. பாராட்ட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. ஃபைலை ஒப்படைத்ததும் பயிற்றுநர் ஒரு சுவரை ஸ்ட்ரெச் கட்டளை போட்டு 6 இன்ச் நகர்த்துகிறார். அளவுகள் தாமாக மாறினால் ஃபைல் சரி. மாறாமல் நின்றால், 10 அடி ¾ இன்ச் வந்த இடத்தில் மாணவர் 10 அடி 1 இன்ச் என்று கையால் தட்டி மறைத்திருக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கெட்ட பழக்கம் வேலைக்குப் போன பிறகும் பலரை விடுவதில்லை, இங்கே முளையிலேயே கிள்ளுகிறார்கள்.

அளவு முறை மாற்றத்தில்தான் தடுமாற்றம். வீட்டுக்காரரும் மேஸ்திரியும் அடி இன்ச்சில் பேசுவார்கள், அனுமதிக்குப் போகும் வரைபடம் மீட்டரில் இருக்க வேண்டும். இன்ச்சில் வரைந்ததை மீட்டராக்க 0.0254ஆல் ஸ்கேல் செய்ய வேண்டும், மில்லிமீட்டராக்க 25.4. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிப் போட்டதோடு சரி, பயிற்சி இல்லை. மீட்டரில் இருக்கும் படத்தை லேஅவுட்டில், அதாவது பிரிண்டுக்கான தாள் பக்கத்தில், 1:100க்கு வைக்க 10எக்ஸ்பி என்ற பெருக்க அளவு தர வேண்டும், மில்லிமீட்டரில் இருந்தால் 1/100எக்ஸ்பி. இது புரியாததால் மாணவர்கள் லேஅவுட்டையே கைவிட்டு, வரைந்த மாடல் பக்கத்திலிருந்து நேராக, தாளுக்குள் அடக்கும் ஃபிட் டு பேப்பர் போட்டுப் பிரிண்ட் எடுக்கிறார்கள். வகுப்பும் அதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ள வேண்டும். ஏ2வில் 1:50 ஆக அமைத்த ஷீட்டை ஜெராக்ஸ் கடையில் ஏ3யில் அடக்கினால் அது சுமார் 1:71 ஆகிவிடும். 10 அடிச் சுவர் தாளில் 61 மில்லிமீட்டருக்குப் பதில் 43 மில்லிமீட்டரில் நிற்கும். தலைப்பில் மட்டும் இன்னும் 1:50 என்றே இருக்கும். அதை நம்பி ஸ்கேல் வைக்கிறவருக்கு 7 அடிதான் கிடைக்கும்.

இனி செக்‌ஷன். 11ஆம் வாரம் இரண்டு நாள், அவ்வளவுதான். அதிலும் அறையின் நடுவே ஒரு நேர்வெட்டு: அஸ்திவாரம், பேஸ்மட்டம், 3 அடியில் ஜன்னலின் அடிமட்டமான சில், 7 அடியில் கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல், 5 இன்ச் கூரை ஸ்லாப், கைப்பிடிச் சுவர். எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற, எதையும் கண்டுபிடித்துத் தராத வெட்டு அது. படிக்கட்டு வழியாக வெட்ட வைப்பதில்லை. அப்படி வெட்டியிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உள் உயரம் 10 அடி, ஸ்லாப் 5 இன்ச். தளத்திலிருந்து தளம் 125 இன்ச். 18 ஏற்றமாகப் பிரித்தால் ஒரு படி 6.94 இன்ச், வசதியான ஏற்றம். பாதியில் திரும்பும் படிக்கட்டில் 9 ஏற்றம், லேண்டிங், மறுபடி 9 ஏற்றம். ஒரு பக்கத்துக்கு மிதி 8தான், 9 இல்லை, ஒன்பதாவது கால் லேண்டிங்கிலேயே ஊன்றுகிறது. மிதி 10 இன்ச் என்றால் 8 மிதிக்கு 6 அடி 8 இன்ச். லேண்டிங் 3 அடி சேர்த்தால் 9 அடி 8 இன்ச். இதுவரை பிளானிலேயே தெரியும், வகுப்பிலும் சரியாகச் சொல்லித் தருகிறார்கள். பிறகு மாணவர்கள் செய்வது, லேண்டிங்குக்கு அடியில் இடம் சும்மா கிடக்கிறதே என்று அங்கே ஒரு கழிவறையைப் போடுவது. பிளானில் அது அழகாக உட்காரும். லேண்டிங்கின் உயரம் 9 பெருக்கல் 6.94, அதாவது 62½ இன்ச். அதில் ஸ்லாபும் பூச்சும் 6½ இன்ச் போனால் அடியில் நிற்பது 56 இன்ச், 4 அடி 8 இன்ச். அங்கே பெரியவர் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டாவது பக்கப் படிகள் மேலே ஏறி முடியும் இடத்துக்கு அடியில் போட்டிருந்தால் தலை தப்பும். 12 வாரம் படித்துவிட்டு வருகிறவருக்கு இது தெரியாமல் போவது நியாயமில்லை.

முற்றத்திலும் இதே கதை. புது வீடு கட்டுகிறவர்கள் பழைய வீட்டு ஞாபகத்தில் ஒரு சின்ன முற்றம் கேட்கிறார்கள். மாணவர் பிளானில் 6க்கு 6 சதுரம் போட்டு, நடுவே ஒரு துளசி மாடம் வைத்துவிடுகிறார். நாலு பக்கமும் 2 அடி தாழ்வாரம் நீட்டினால் வானத்துக்குத் திறந்திருப்பது 2க்கு 2 மட்டுமே. வெளிச்சத்துக்கும் பற்றாது, காற்றுக்கும் பற்றாது. நீட்டலைக் குறைத்தால் சாரல் நடைபாதையில் அடிக்கும். எது வேண்டும் என்பதை ஓட்டுச் சரிவோடு ஒரு செக்‌ஷன் வரைந்தால்தான் முடிவு செய்யலாம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு, ஒரு நாள் பழைய வீட்டை அளந்துவிட்டு, அந்த வீட்டின் செக்‌ஷனை மட்டும் வரைய வைக்காமல் விடுவது பெரிய நஷ்டம். டியூப் லெவல் எடுத்த கணக்கெல்லாம் நோட்டிலேயே தூங்குகிறது.

இன்னொன்றும் இங்கேதான் தப்புகிறது. 7 அடி என்பது எங்கிருந்து? முடிந்த தரையிலிருந்தா, ஸ்லாப் மேலிருந்தா? தரைக் காங்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து 3 இன்ச் ஏறும். ஸ்லாப் மேலிருந்து 7 அடியில் லிண்டல் போட்டால் டைல்ஸ் ஒட்டிய பிறகு கதவுக்கு 6 அடி 9 இன்ச்தான். முடிந்த தரையை 0 என்று வைத்து, மற்ற மட்டங்களைப் பிளஸ் மைனஸில் குறிக்கும் முறையை இவர்கள் மாதிரி ஷீட்டில் வைத்திருக்கிறார்கள். மாணவர் கையால் ஒருமுறையும் எழுத வைப்பதில்லை.

அனுமதி வரைபடப் பாடம் சுருக்கமானது, ஆனால் காலத்துக்கு ஏற்றது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளை வைத்துப் பரப்பளவு அட்டவணை போடச் சொல்கிறார்கள். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, 2 என்றால் 1,200 சதுர அடி மனைக்கு 2,400 சதுர அடி வரை. சாலை அகலத்தையும் கட்டட உயரத்தையும் பார்த்து விட வேண்டிய இடைவெளி, மழைநீர் சேகரிப்புத் தொட்டி, எல்லாம் ஷீட்டில் இருக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த, உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறையையும் சேர்த்திருக்கிறார்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு அது பொருந்தும்.

சான்றிதழைப் பற்றி விளம்பரத் தாளில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அது வகுப்பு முடித்ததற்கான தாள் மட்டுமே. அரசு வேலைக்கு ஐடிஐயின் 2 வருட சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்புக்கு ஈடாகாது. ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளவும் முடியாது, அந்தப் பட்டம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்தவர்களுக்கே உரியது. தூண், பீம் அளவை முடிவு செய்வதும் இந்த வகுப்பின் வேலை இல்லை, அதற்குப் பொறியாளரிடம்தான் போக வேண்டும். மென்பொருள் விஷயத்திலும் கவனம் தேவை. ஆட்டோகேடின் மாணவர் உரிமம் இலவசம், ஆனால் அதில் காசுக்கு வேலை செய்யக் கூடாது. கட்டணம் கட்ட இயலாதவர்கள் லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருளில் பழகலாம், இருபரிமாண பிளானுக்கு அது போதும். ஆட்டோகேடின் டிடபிள்யூஜி ஃபைலைத் திறப்பதில் சிரமம் தரும் என்பதால் டிஎக்ஸ்எஃப் ஆக வாங்கிக்கொள்ள வேண்டும்.

காண்ட்ராக்டரிடமோ பொறியாளரிடமோ உதவியாளராகச் சேர நினைக்கிறவர்களுக்கும், டிப்ளமோவில் கம்ப்யூட்டர் வரைதலை மட்டும் பார்த்தவர்களுக்கும் தயங்காமல் சொல்லலாம், சேருங்கள். சொந்த வீட்டுக்கு ஒரே ஒரு பிளான் போட வேண்டும் என்பவர்கள் முதல் நான்கு வாரத்துக்கு மட்டும் 5,000 ரூபாய் கட்டிச் சேர வழி இருக்கிறது. கேட்டால்தான் சொல்கிறார்கள். மனை அளக்கவும், வரைகிறவர் தரும் ஷீட்டைப் படித்துக் கேள்வி கேட்கவும் அது போதும்.

முழு வகுப்பும் முடிக்கிறவர்கள் தங்கள் கடைசி பிளானை வைத்து மூன்று செக்‌ஷன் தாங்களாகவே வெட்டிப் பார்க்க வேண்டும்: படிக்கட்டு வழியாக ஒன்று, கழிவறை வழியாக ஒன்று, முற்றம் இருந்தால் அதன் வழியாக ஒன்று. புதன்கிழமை மாலை 6 மணிக்கு மேல் கொண்டுபோனால் பழைய மாணவர்களின் ஷீட்டையும் பயிற்றுநர் திருத்தித் தருகிறார், அதற்குக் கட்டணம் இல்லை. ஏ2விலேயே பிரிண்ட் எடுத்துப் போங்கள். தெப்பக்குளம் பக்கமோ கல்லுக்கட்டியிலோ எந்தக் கடையில் எடுத்தாலும், காசு கொடுக்கும் முன் 10 அடிச் சுவரில் ஸ்கேலை வைத்து 61 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.